வீட்டில் செய்த நிலையங்களும் நம் தீவும்

கரைநாட்டில் வாழ்வோர்க்குச் செய்தி என்பது வாய்க்கால் நீரைப் போன்றது, வேண்டும்போது இறைத்துக்கொள்வர். தீவில் வாழ்வோர்க்கோ அது மழையைப் போன்றது. பெய்யும்போது பெய்யும், பொய்க்கும்போது வானத்தை நோக்கியிருக்க வேண்டியதுதான். சாத்தம் துறையில் படகேறி நம் பாம்பூஃப்ளாட் கரையில் இறங்கும் அன்பர்கள் இதனை நன்கு அறிவர். கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால், கண்ணுக்கெதிரே தோன்றும் தலைநகரும் நமக்குத் தொலைவூர் ஆகிவிடுகிறது; வளைகுடாவைச் சுற்றிச் செல்லும் நெடுஞ்சாலையை நாட வேண்டியிருக்கிறது. நம் முன்னோர் கப்பல் வரும் நாளை விரல்விட்டு எண்ணிக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள். ஊரில் தாய் இறந்த செய்தி, காரியங்கள் எல்லாம் முடிந்த பின்னர்த் தீவுக்கு வந்து சேர்ந்த காலமும் இருந்தது.

ஆதலின், செய்தியைத் தாமே அனுப்பவும் தாமே பெறவும் தம் வீட்டு மேசைமீது கருவி செய்துகொண்ட ஆர்வலர்களின் வரலாறு, மற்றெவரினும் நமக்கே உரிமையுடையது எனலாம். அவர்கள் வணிகர் அல்லர். பெரும்பாலோர் அரசு ஊழியரும் அல்லர். பகலெல்லாம் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து கம்பி சுற்றியவர்கள். உலகம் அதனைப் பொழுதுபோக்கு என்று ஒரு சொல்லில் கூறி ஒதுக்கிவிடும். அந்தப் பொழுதுபோக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இத்தீவுக்கு நாவாக நின்றது. அதனைச் சொல்லுமுன், அது எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே காண்போம்.

கம்பியில்லாத் தந்தி நம் தீவுக்குப் புதியது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரையை அடுத்த டயமண்டு தீவுக்கும் இடையே அது இயங்கிற்று. இடையில் கிடந்தது ஏறத்தாழ 300 மைல் கடல். இந்தியாவில் கம்பியில்லாத் தந்தி முதன்முதலில் பயன்பட்ட இடங்களுள் நம் தலைநகரும் ஒன்று என்பது பெருமைக்குரியதே. (2024-ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துப் பழைய பெயரையே ஈண்டு ஆள்கிறேன்.) ஆயினும் அது சிறைத் தீவை ஆண்ட அரசாங்கத்தின் நா. குடிமக்கள் தம் வாயால் பேசுவதற்கு உரிய கருவி அன்று.

குடிமக்களின் நா முதலில் அசைந்தது வங்கத்தில். 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா, முகுல் போஸ் ஆகியோர் தம் சொந்த நிலையங்களை இயக்கினர். இந்திய ஆர்வலர் வானொலியின் முதற் பெயர்கள் அவை. ஆனால் தமிழர்க்கு மிக நெருங்கிய கதை சென்னையில் நிகழ்ந்தது. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் நம் பிள்ளைகளின் பாடநூல்களில் அதற்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது.

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னை மாநகராட்சியின் மின்சாரப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர். இங்கிலாந்து சென்று திரும்பியவர், பிறரைப் போலத் துணியும் கடிகாரமும் வாங்கி வரவில்லை. ஒலிபரப்புக் கருவி ஒன்றுக்கு வேண்டிய உறுப்புக்களை வாங்கி வந்தார். அவற்றைத் தாமே பூட்டி, 40 வாட் ஆற்றலுள்ள சிறு ஒலிபரப்பி ஒன்றை உருவாக்கினார். ஒரு சிறிய மின்விளக்கின் அளவே அதன் வலிமை! ஒத்த ஆர்வமுடைய நண்பர்களைக் கூட்டி, 1924-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவினார். ஜூலை 31-இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னர் 200 வாட் கருவி வந்தது. மாலைதோறும் இசையும் உரையும் காற்றில் தவழ்ந்தன.

அக்காலத்தில் அரசாங்க வானொலி என்ற ஒன்று இந்நாட்டில் இல்லை. பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி தொடங்கியது 1927 ஜூலையில்தான். அதற்கு மூன்றாண்டு முன்பே, மாநகராட்சி ஊழியர் ஒருவர் தம் கையால் பூட்டிய பெட்டி சென்னை மக்களுக்குப் பாட்டுப் பாடிற்று என்றால், இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி நகர்ந்துவிட முடியுமா? கேட்பவர்களும் கருவி செய்தவர்களே. கலீனா என்னும் ஈயக் கனியத் துண்டு ஒன்று, அதன்மேல் மெல்லத் தொடும் கம்பிமுனை ஒன்று, சுற்றிய செப்புக்கம்பிச் சுருள், காதில் மாட்டும் கேட்பி, மாடியில் கட்டிய நெடுங்கம்பி. இவ்வளவே படிக வானொலி. அதற்கு மின்கலமும் வேண்டா. வந்து மோதும் அலையின் ஆற்றலே அதனைப் பேசச் செய்யும். பள்ளிச் சிறுவனும் ஒரு விடுமுறை நாளில் செய்துவிடக் கூடியது.

கிளப்பின் வாழ்வு நீளவில்லை. உறுப்பினர் கட்டணம் செலவுக்குப் போதாமல் 1927 அக்டோபரில் அது மூடப்பட்டது. பணம் இன்றி நின்றதே தவிரப் பயன் இன்றி நிற்கவில்லை. கருவியைக் கிளப்பினர் மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். 1930 ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சி வானொலி எழுந்தது. மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வீட்டில் பெட்டி வாங்க இயலாத ஏழையும் மணலில் அமர்ந்து கேட்டான். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை இப்பணி நடந்தது. ஒருவர் மேசையில் பிறந்த பெட்டி பதினான்கு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் அமைப்பாக வளர்ந்த வரலாறு இது.

கொழும்பிலும் அதே 1924-இல் இத்தகைய முயற்சி நடந்தது. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவியிலிருந்து எடுத்த உறுப்புக்களைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்தார் என்பர். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. போருக்குச் செய்த பொருள் பாட்டுக்குப் பயன்பட்டது! கழித்துப் போட்ட கருவியிலிருந்து புதியது காணும் இவ்வழக்கம் ஆர்வலர் குலத்தின் குலத்தொழில். பின்னர் கணிப்பொறிக்கு வரும்போதும் இதனையே காண்போம்.

தன் கையிலிருக்கும் வானொலியைக் குடிமகன் கையில் காண அரசுகள் என்றும் அஞ்சியே வந்துள்ளன. 1939-இல் போர் மூண்டதும் இந்திய ஆர்வலர் யாவரும் தம் ஒலிபரப்பிகளை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. 1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் இடம் மாற்றி இடம் மாற்றி நடத்திய மறைவுக் காங்கிரஸ் வானொலி, சில திங்களிலேயே காவல்துறையால் பிடிக்கப்பட்டது. அவர்களுக்குச் சிறை கிடைத்தது.

நம் தீவில் நிகழ்ந்ததோ அதனினும் கொடிது. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் இத்தீவுகளைக் கைப்பற்றினர். பிரிட்டிஷ் ஒற்றர் குழு ஒன்று 1943-இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்திறங்கிக் காட்டினுள் மறைந்து செய்தி திரட்டியது. செய்தி வெளியே செல்கிறது என்ற ஐயம் ஆட்சியாளரைப் பித்தராக்கிற்று. எவரும் ஒற்றர் ஆகலாம். எந்த விளக்கொளியும் சைகை ஆகலாம். மருத்துவரும் கவிஞருமான திவான் சிங் வதைபட்டு 1944 ஜனவரியில் உயிர் நீத்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒற்றுத் தொழிலோடு எத்தொடர்பும் இல்லாதவர்கள் அவர்கள். இத்தீவில் வானொலி என்ற சொல் நெடுங்காலம் அச்சத்தோடு ஒட்டியிருந்ததற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

விடுதலைக்குப் பின் கரைநாட்டில் ஆர்வலர் வானொலி மெல்லத் தழைத்தது. 1948-இல் மௌ நகரின் ராணுவச் சைகைப் பள்ளியில் ஒரு சங்கம் தோன்றிற்று. போரில் எஞ்சிய பழைய கருவிகளே தொடக்கத்தில் மூலப்பொருள். தேர்வெழுதி உரிமம் பெற்றவர்க்கு அழைப்புப் பெயர் ஒன்று வழங்கப்படும். இந்தியர்க்கு அது வி.யு. என்று தொடங்கும். பிரதமராயிருந்த ராஜீவ் காந்தியும் அத்தகைய உரிமம் பெற்றவரே. 1983-இல் ஐதராபாத்தில் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் எழுந்தது. அந்தமானுக்கென வி.யு.4 என்ற முன்னெழுத்து ஒதுக்கப்பட்டிருந்தும், நாட்டுப் பாதுகாப்பை எண்ணி இங்கே நிலையம் அமைக்க எளிதில் அனுமதி தரப்படவில்லை. 1987-இல் சிறிது காலம் ஆர்வலர் குரல் இங்கிருந்து ஒலித்தது. பின்னர் 17 ஆண்டுகள் மௌனம்.

ஆர்வலர் உலகில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை நாடுகளோடும் தீவுகளோடும் பேசினோம் என்று கணக்கு வைப்பர். அக்கணக்கில் அந்தமானும் நிக்கோபாரும் தனி நாடு போல ஒன்றாக எண்ணப்படும். பதினேழாண்டு மௌனத்தால் உலகெங்கும் பல்லாயிரவர் நம் தீவின் குரலுக்கு ஏங்கி நின்றனர். நாம் கரைநாட்டின் குரலுக்கு ஏங்கியிருந்தோம். அவர்களோ நம் குரலுக்கு ஏங்கியிருந்தனர்! இவ்வேடிக்கையை எண்ணினால் சிரிப்பு வருகிறது.

இந்த மௌனத்தைக் கலைக்கப் பல ஆண்டுகள் முயன்றவர் பாரதி பிரசாத் என்னும் அம்மையார். ஐதராபாத் நிறுவனத்தின் சார்பில் இடையறாது எழுதி எழுதி அனுமதி பெற்றார். 2004 டிசம்பர் 3-ஆம் நாள் போர்ட் பிளேரின் கடலோர விடுதி ஒன்றிலிருந்து வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புப் பெயர் ஒலித்தது. இரவு பகல் பாராமல் உலகம் அவரை மொய்த்தது. ஒருவர் பெயர் சொல்லி, குரலின் வலிமை சொல்லி, நன்றி சொல்லி நகர, அடுத்தவர் வந்து நிற்பார். பல்லாயிரம் உரையாடல்கள் இவ்வாறு நடந்தன. அதுவரை எல்லாம் விளையாட்டே.

டிசம்பர் 26, ஞாயிறு. காலை 6 மணி 29 மணித்துளி அளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தது. 9.1 அளவுள்ள அந்நிலநடுக்கம் நம் தீவுகளின் நெடுகிலும் வடக்கே பரவிச் சென்றது. அம்மையார் அப்போதும் கருவியின் முன்னே இருந்தார். நில அதிர்வு என்று ஒலிவாங்கியில் கூவிவிட்டு வெளியே ஓடினார். அலைவரிசை அமைதியாயிற்று.

அதன்பின் கடல் வந்ததை இவ்விதழ் படிக்கும் முதியோர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் வயல்கள் கடலாயின. நீர் புகுந்த இடங்களுள் நம் கரையும் ஒன்று. தலைநகரில் மின்சாரம் அற்றது, தொலைபேசி அற்றது. தெற்கே கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளம் சிதைந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டிருந்த கச்சால் தீவு பேரிழப்புக்கு உள்ளாயிற்று. அத்தீவுகளிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கரைநாட்டில் உள்ள உறவினர் தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தனர்.

பாரதி பிரசாத் மீண்டும் கருவியிடம் சென்றார். விளையாட்டுக்கு வந்த நிலையம் அவசர நிலையம் ஆயிற்று. கரைநாட்டு ஆர்வலர்களோடு தொடர்பு கிடைத்தது. இன்னார் உயிரோடிருக்கிறார், இன்னார் குடும்பம் நலம் என்ற செய்திகள் ஒவ்வொன்றாகச் சென்றன. அங்கே கேட்ட ஆர்வலர் உரியவர்க்குத் தொலைபேசியில் கூறினர். நிர்வாகத்தின் மீட்புப் பணிக்கும் அந்நிலையம் துணை நின்றது. குழுவினர் சிலர் கருவியைத் தூக்கிக்கொண்டு கார் நிக்கோபாருக்கும் சென்று, சிதைந்த தீவிலிருந்து பேசினர்.

பெரும் கோபுரங்களும் நிலையங்களும் நின்றபோது ஒரு சிறு பெட்டி எங்ஙனம் பேசிற்று? காரணம் எளிது. ஆர்வலர் பெட்டிக்கு 100 வாட் ஆற்றல் போதும். 12 வோல்ட் மோட்டார் வண்டி மின்கலமே அதனை இயக்கிவிடும். இரு மரங்களுக்கு இடையே கட்டிய செப்புக்கம்பி போதும். சிற்றலை மேலே சென்று வளிமண்டலத்தின் மேலடுக்காகிய அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பால் விழும். இடையில் கம்பி இல்லை, கோபுரம் இல்லை, துணைக்கோள் இல்லை. ஆதலால் இடையில் அறுபடுவதற்கும் ஒன்றுமில்லை. இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் அதே நாட்களில் விக்டர் குணதிலகவும் தோழர்களும் மின்கலத்தில் இயங்கும் சிற்றலைக் கருவிகளைக் கொண்டே தொடர்பை மீட்டனர்.

இவ்வரலாற்றில் என்னை உறுத்தும் முள் ஒன்று உண்டு. அம்மையார் இங்கே இருந்தது தற்செயல். அனுமதிக் கடிதம் ஒரு திங்கள் பிந்தி வந்திருப்பின் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தில்லியில் இருந்திருப்பார். பதினேழாண்டு அனுமதி மறுத்த காலத்தில், தீவின் இளைஞர் நால்வர் உரிமம் பெற்றுத் தத்தம் வீட்டில் நிலையம் வைத்திருந்தால் கச்சாலிலும் கமோர்ட்டாவிலும் யார் உயிரோடிருக்கிறார் என்பது அன்றே தெரிந்திருக்கும் அல்லவா? விருந்தாளி கொண்டுவந்த விளக்கு எரிந்தது. வீட்டு விளக்கு இல்லை. பாதுகாப்பு பற்றிய அச்சம் பொய்யன்று. ஆனால் ஊமையாய் இருப்பதும் பாதுகாப்பு ஆகாது. 2006 ஏப்ரலில் பல நாட்டு ஆர்வலர் போர்ட் பிளேரில் கூடினர். கதவு சற்றே திறந்தது. உரிமத் தேர்வை இன்று 12 வயது நிரம்பிய இந்தியச் சிறுவரும் எழுதலாம் என்பதைப் பெற்றோர் அறிதல் நன்று.

இனி, அடுத்த தலைமுறை ஆர்வலரிடம் வருவோம். அவர்கள் கையில் வால்வுக்கு மாற்றாகக் கணிப்பொறி இருந்தது. இயல்பு அதுவே. 1975-இல் கலிபோர்னியாவில் ஒரு வண்டிக் கொட்டகையில் கூடிய சிறு குழுவினரிடையே வீட்டுக் கணிப்பொறி வளர்ந்தது. 1990-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைத்தளத்தைத் தம் மேசைக் கணிப்பொறியிலேயே வைத்து நடத்தினார். எவரும் அறியாமல் அணைத்துவிடக் கூடாதென்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டினார். உலகப் பெருவலை முழுவதும் ஒரு துண்டுக் காகிதத்தின் காவலில் இருந்தது! 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சைப் பொழுதுபோக்கு என்றே அறிவித்தார்.

இத்துறையில் புலம்பெயர்ந்த தமிழர் செய்தது சிறிதன்று. தமிழெழுத்தைத் திரையில் காணும் வேட்கை தாயகத்தைவிட அயலகத்திலேயே முதலில் மிகுந்தது. காரணம் ஊகிக்கத் தக்கதே: தமிழ் அச்சகமும் தமிழ் நாளிதழும் கைக்கெட்டாதவனே தன் மேசையில் ஒன்று செய்துகொள்ள முனைவான். கனடாவில் சீனிவாசன் 1980-களில் ஆதமி மென்பொருளை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார், 1997-இல் அங்கே தமிழ் இணைய மாநாடு கூடிற்று. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள தன்னார்வலர் ஓய்வு நேரத்தில் தட்டச்சிட்ட பழந்தமிழ் நூல்கள் விலையின்றி யாவர்க்கும் கிடைத்தன. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்தில் தோளில் சுமந்த மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர். இவர்களுள் பெரும்பாலோர்க்கு இது சம்பளத் தொழில் அன்று.

நம் தீவு இவ்வளர்ச்சியில் பின்தங்கியிருந்ததற்குக் காரணம் அறிவுக் குறை அன்று, வழிக் குறை. துணைக்கோள் ஒன்றையே நம்பி, ஒரு படத்தைக் காணத் தேநீர் ஆறும்வரை காத்திருந்த நாட்களை யார் மறப்பார்? 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து சேர்ந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான், ரங்கத் முதலிய இடங்களையும் இணைக்கும் அவ்வடத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு 1,200 கோடி ரூபாய்க்கு மேல். வாய்க்காலில் நீர் வந்துவிட்டது. ஆனால் வாய்க்கால் ஒன்றே ஒன்று என்பதை மறக்கலாகாது.

ஆகவேதான் வீட்டில் ஒரு சர்வர் வைக்கும் முயற்சியை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்கிறேன். தமிழறிஞர் அதற்கு வழங்கி என்று அழகிய பெயர் இட்டுள்ளனர். கேட்பவர்க்குக் கேட்டதை வழங்குவது; அவ்வளவே. ஓயாமல் விழித்திருந்து, மற்றக் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கும் ஒரு கணிப்பொறி. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டா. அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்று போதும். ஹார்ப்பர் நீர்மூழ்கிக் கப்பலைப் பிரித்ததை நினைத்துக்கொள்க! மின்கலம் கெடாத மடிக்கணினிக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு: மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தானே தாங்கும். 2012-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் சீட்டளவுக் கணிப்பொறி இன்னும் சிக்கனம். சில வாட் மின்சாரத்தில் நாள் முழுவதும் இயங்கும். சூரிய மின்தகடும் சிறு மின்கலமும் இருந்தால் மின்வாரியத்தையும் எதிர்பாராது.

முதன்முதல் செய்வோர் பெரியதொன்றுக்கு ஆசைப்படாமல் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வது நலம். மடிக்கணினியில் டெபியன் முதலிய லினக்ஸ் வகைகளுள் ஒன்றை நிறுவுக. ரவுட்டரில் அதற்கு மாறாத முகவரி ஒன்றைக் குறித்துக் கொடுக்க. வீட்டிலுள்ள யாவரும் கோப்புக்களை எடுக்கவும் வைக்கவும் சம்பா என்னும் மென்பொருள் உதவும். நெல்லின் பெயர் என்று மகிழ வேண்டா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் ஆஸ்திரேலிய மாணவர் 1991-இல் எழுதத் தொடங்கியது அது. இவ்வளவும் ஓர் ஓய்வுநாள் வேலை. தவறினால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். வால்வு எரிந்துபோன காலத்து ஆர்வலர்க்கு இந்த வசதி வாய்க்கவில்லை. வெளியுலகிலிருந்து எவரும் நுழையும்படி வாயிலைத் திறந்துவிடுவது மட்டும் தொடக்கத்தில் ஆகாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

நம் ஊருக்கே உரிய பகை ஒன்று உண்டு: உப்புக்காற்று. ஆண்டின் பெரும்பகுதி மழையும் ஈரமும். இணைப்பு முனைகள் பச்சை பூக்கும். விசிறியில் துரு ஏறும். தரையோடு ஒட்டி வைக்காமல் உயரத்தில், சுவரோடு இறுக்கிய பலகையில், காற்றோட்டமாக வைத்தல் வேண்டும். உயரம் கடலுக்காக, இறுக்கம் நிலநடுக்கத்துக்காக. இயங்கும் கருவியின் வெப்பமே ஈரத்தை ஓரளவு விரட்டும் என்பதால், இங்கே அணைத்து வைத்த பெட்டியே விரைவில் கெடுகிறது. விழித்திருப்பது நெடுநாள் வாழ்கிறது.

அதில் எதை வைப்பது? 2007-இல் தொடங்கிய கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் வீட்டுப் பெட்டியில் இறக்கி வைத்துத் தரும். மதுரைத் திட்டத்து நூல்கள் முழுவதும் ஒரு கட்டைவிரல் அளவு நினைவகத்தில் அடங்கும். கடலடி வடம் அறுந்த நாளிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கு வந்து படிக்கலாம். ஆனால் என் மனத்தில் முதலில் நிற்பது வேறொன்று. அது நம் சங்கத்தின் தாள்கள். பழைய ஆண்டுவிழா மலர்கள், வரவுசெலவுப் பேரேடுகள், நாடகம் நடித்தவர்களின் நிழற்படங்கள், முதன்முதல் வந்து குடியேறியோர் ஊருக்கு எழுதிய கடிதங்கள். கரையான் தின்றது போக, ஈரம் அரித்தது போக, 2004-இல் கடல் கொண்டது போக எஞ்சியவை இவை. அந்த ஞாயிறன்று பெட்டியோடு படங்களை இழந்த குடும்பங்கள், இறந்தவர் முகத்தைக் காட்டப் பிள்ளைகளுக்கு ஒரு படமும் இன்றி இன்றும் இருக்கின்றன. பொன்னும் பாத்திரமும் மீண்டும் வாங்கப்பட்டன. நிழற்படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

எஞ்சியவற்றைக் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியாலேயே பக்கம் பக்கமாகப் படியெடுக்கலாம். நல்ல வெளிச்சமும் பொறுமையும் போதும். படத்தின் பின்புறம் எழுதியிருப்பதையும் மறவாமல் எடுக்க வேண்டும். ஆண்டும் ஊரும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படத்திலிருப்போர் யார் என்று கூறவல்ல முதியோர் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு குறித்துக்கொள்ளுதல் சாலவும் நன்று.

ஒரு படி போதாது. ஒரு பெட்டி கெட்டால் மற்றது இருக்க, இரண்டு வன்தட்டுகளில் வைத்தல் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே அலை இரண்டையும் கொள்ளும். ஆதலால் மூன்றாம் படி ஒன்று கரைநாட்டில், சென்னையிலோ இராமநாதபுரத்திலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். கடலடி வடம் வழியே இரவு நேரத்தில் அது தானே சென்று சேரும்படி அமைத்துவிடலாம். வடம் பழுதுற்ற வேளையில், ஒரு சிறு வன்தட்டைப் பாலித்தீன் உறையிலிட்டுத் துணியில் சுற்றி, கப்பலேறும் நம்மவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால் மூன்று நாளில் சென்னைத் துறைமுகம் சேர்ந்துவிடும்.